நாக்கில் பந்து வைத்த சப்பாத்து

எங்கள் வீட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு கடுதாசிப் பெட்டி இருந்தது. முதலில் கட்டிலுக்குக் கீழே. பிங்கா ஓயா பெருகி எங்கள் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்த ஓர் இரவில் உம்மா குர்ஆனையும் காணி உறுதிகளையும் தூக்கி மேலே வைத்தார். நான் ஓடிப்போய்த் தூக்கியது அந்தப் பெட்டியைத்தான். அன்றிலிருந்து அது அலுமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது. பெட்டிக்குள் இருந்தது ஒரு சோடிச் சப்பாத்து.

இதைச் சொன்னால் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு சப்பாத்துக்கு இவ்வளவு மரியாதையா என்பார்கள். ஆனால் அது எனக்கு எங்கள் சாச்சா அனுப்பிய சப்பாத்து.

சாச்சா வாப்பாவின் கடைசித் தம்பி. ரியாதில் ஒரு வீட்டில் சாரதியாக இருந்தார். அக்குறணை என்றால் வியாபாரம் என்றுதான் வெளியூரார் நினைப்பார்கள். கராம்பும் மிளகும் சாதிக்காயும், நாடு முழுக்கப் புடைவைக் கடைகளும். அது உண்மைதான். ஆனால் ஏழாம் கட்டையிலிருந்து மேட்டுக்கு ஏறிப் போனால், முதலில்லாததால் கடை போட முடியாமல் கடல் தாண்டியவர்களின் வீடுகளும் இருக்கின்றன. எங்கள் வீடு அப்படியொன்று.

அந்நாளில் சவூதியிலிருந்து கடிதத்தை விடக் கெசட்தான் அதிகம் வரும். இரவில் தன் அறையில் தனியாக இருந்து பேசிப் பதிவு செய்து, ஊருக்கு லீவில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். 1992ஆம் வருடம், எனக்குப் பதின்மூன்று வயது, அப்படி வந்த கெசட்டோடு அந்தப் பெட்டியும் வந்தது. எல்லாரும் சுற்றியிருந்து கேட்டோம். உம்மும்மாவுக்கு ஸலாம் சொல்லி, எல்லாரையும் விசாரித்து, கடைசியில் என் பெயரைச் சொன்னார்.

"மகன், இது கூடப்பந்து வெளயாட்ற சப்பாத்து. நீங்க நல்ல நெட்டதானே. நாக்குக்கு மேல ஒரு பந்து ஈக்கி. அத அமுக்கிப் பாருங்க. சப்பாத்து காலப் புடிச்சிக்கொள்ளும். இந்தா, கேளுங்க."

பிறகு ஒலிப்பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் சப்பாத்தை வைத்து அமுக்கியிருக்கிறார். புஸ்... புஸ்... என்று ஆறேழு தடவை. கடைசியில் காற்றைத் திறந்துவிடும் நீண்ட சத்தம். அதன் பின் சாச்சாவின் சிரிப்பு. அவர் வேலை செய்த வீட்டுப் பையன் கூடைப்பந்து விளையாடுகிறவன். அவனை மைதானத்துக்குக் கொண்டுபோய் விடுவதும், முடியும்வரை வாகனத்தில் காத்திருப்பதும் சாச்சாவின் வேலை. ஒவ்வொரு நாளும் அவன் குனிந்து தன் சப்பாத்தின் நாக்கை அமுக்குவதைப் பார்த்துப் பார்த்து, ஊரில் இருக்கும் நெட்டையான மகனுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றியதாம். சாச்சா தான் போட்டது எப்போதும் பாட்டாச் செருப்புத்தான்.

அது ரீபொக் பம்ப். நாக்கில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கூடைப்பந்து. நான் படித்த பாடசாலையில் அப்போது கூடையும் இல்லை, பந்தும் இல்லை. எங்களுக்கு விளையாட்டுச் சப்பாத்து என்றால் வெள்ளைக் கென்வஸ்தான். அதுவும் ஊத்தையானால் வகுப்பு வெண்கட்டியைக் களவாக எடுத்துத் தேய்ப்போம். அந்தக் கென்வஸ் சப்பாத்தும் ஒரு வகையில் கூடைப்பந்தின் உறவுதான் என்பதைப் பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர். ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891ஆம் வருடக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காகப் பழக்கூடை இரண்டை உள்ளரங்கின் மேல்மாடத்தில் அறைந்து தொடங்கினார். அந்த விளையாட்டுக்காகக் கொன்வேர்ஸ் கம்பனி 1917இல் கென்வஸ் துணியும் றப்பர் அடியும் வைத்து ஒரு சப்பாத்தைச் செய்தது. கணுக்கால் மூடிய அந்தச் சப்பாத்தைத்தான் பல பத்தாண்டுகள் எல்லாரும் போட்டு விளையாடினார்கள். றப்பர் என்றவுடன் எங்கள் நாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோய் முளைக்க வைத்த றப்பர்க் கன்றுகள் 1876இல் இங்கே வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. உலகத்தின் கால்களுக்குக் கீழே எங்கள் மண்ணின் பாலும் இருந்திருக்கிறது.

ரீபொக்கின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. போல்டன் நகரில் ஜோசப் வில்லியம் பொஸ்டர் என்பவர் 1895இல் ஓட்டக்காரர்களுக்கு ஆணி வைத்த சப்பாத்துச் செய்யத் தொடங்கினார். அவருடைய பேரர்கள் இருவர் 1958இல் தனியாகப் பிரிந்து தொடங்கிய கம்பனிக்குப் பிறகு தென்னாபிரிக்க மான் ஒன்றின் பெயர் வைக்கப்பட்டது. 1982இல் பெண்களின் உடற்பயிற்சிக்கென்று செய்த ஒரு சப்பாத்தால் அது அமெரிக்காவில் பெரிய கம்பனியானது. ஆனால் கூடைப்பந்து மைதானத்தில் 1985 முதல் மைக்கல் ஜோர்டனின் பெயரோடு நைக்கி நின்றது. அதற்கு எதிரில் நிற்க ஏதாவது புதிதாக வேண்டியிருந்தது.

போல் லிச்பீல்ட் என்ற பொறியியலாளரும் அவரோடு சேர்ந்த வடிவமைப்பாளர்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்கள். எலும்பு முறிந்தவருக்குக் காற்றூதிக் கட்டும் பைக்கட்டு இருக்கிறதல்லவா, சேலைன் ஏற்றும் பை இருக்கிறதல்லவா, அவற்றிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. சப்பாத்தின் உட்புறத்தில் கணுக்காலைச் சுற்றி ஒரு காற்றுப் பை. நாக்கிலுள்ள பந்தை அமுக்கினால் காற்று ஒரு வழியாக மட்டும் உள்ளே போகும், திரும்பாது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் பை கொஞ்சம் பருக்கும். காலின் மேடு பள்ளமெல்லாம் நிரம்பிச் சப்பாத்து காலோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது வேறொரு சின்னப் பொத்தானை அமுக்கினால் காற்றுப் போய்விடும். உலகத்தில் எந்த இரண்டு காலும் ஒன்றல்ல. தொழிற்சாலையில் ஒரே அச்சில் செய்யும் சப்பாத்தை அவரவர் காலுக்கு அவரவரே பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான் இதன் புதுமை. நைக்கியும் அதே காலத்தில் காற்றடிக்கும் சப்பாத்து ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குப் பம்பைத் தனியாகக் கையில் கொண்டு திரிய வேண்டும். ரீபொக்கில் பம்ப் சப்பாத்தோடேயே இருந்தது. வென்றது அதுதான்.

பம்ப் 1989 நவம்பரில் வெளிவந்தது. விலை 170 டொலர். டொலர் ஏறத்தாழ நாற்பது ரூபாவாக இருந்த காலம் அது. எங்கள் நாட்டில் ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தை விட அதிகம். 1991இல் சார்லட் நகரில் நடந்த பந்தைக் கூடையில் அறையும் போட்டியில் பொஸ்டன் அணியின் டீ பிரவுண் என்ற இளைஞர், பாய்வதற்கு முன் எல்லார் முன்னிலையிலும் குனிந்து தன் சப்பாத்துக்குக் காற்றடித்தார். கடைசிப் பாய்ச்சலில் கையால் கண்ணை மூடிக்கொண்டே பந்தை அறைந்து பரிசை வென்றார். அந்தக் குனிதலை அமெரிக்கப் பிள்ளைகள் எல்லாம் பழகிக்கொண்டார்கள். ரியாதில் சாச்சா பார்த்துச் சிரித்ததும் அதே குனிதல்தான் என்பது, வெகு காலத்தின் பின் அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சப்பாத்து வந்தபோது அது எனக்கு இரண்டு அளவு பெரிது. "வளந்து போடட்டும்" என்று சாச்சா சொல்லியனுப்பியிருந்தார். உம்மா பெருநாளைக்குப் போடு என்றார். பெருநாளன்று மழை. அடுத்த பெருநாளைக்குக் கடுதாசி அடைத்துப் போட்டுப் பார்த்தேன், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டுப் பாதை சேறு. கூட்டாளிகள் பாட்டாவோடு நிற்கும் இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு போய் நிற்கவும் கூச்சம். பாடசாலைக்கு வெள்ளை தவிர வேறு நிறம் கூடாது. ஆகவே பின்னேரங்களில் பெட்டியைத் திறந்து, கையால் பந்தை அமுக்கி, காற்றைத் திறந்து, சத்தத்தைக் கேட்டு, துடைத்து, மூடி வைப்பேன். அயல் வீட்டுப் பிள்ளைகள் அமுக்கிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு மூன்று தடவை என்று நான் சட்டம் வைத்திருந்தேன்.

1995இல் சாச்சா லீவில் வந்தார். எனக்குப் பதினாறு வயது. சப்பாத்து அச்சொட்டாகக் காலுக்குச் சரியாக இருந்த காலம் அது. வந்த மறுநாளே கேட்டார்.

"போட்டுக் காட்டுங்க மகன்."

பாயின் மேல் நின்று போட்டேன். குனிந்து பந்தை அமுக்கினேன். அவர் நிலத்தில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பாயிலேயே நாலு எட்டு நடந்தேன்.

"ரோட்டு வரைக்கும் பெய்த்து வாங்க, பாப்பம்."

"ஊத்தயாகிடும் சாச்சா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த முகம் மட்டும் கொஞ்சம் மாறியது. பிறகு வேறு கதைக்குப் போய்விட்டார். ஒன்றரை மாதம் ஊரில் இருந்தார். இன்னொரு தடவை கேட்கவில்லை. நான் அவருடைய பொருளை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் அன்று நினைத்தேன்.

1997இல் ரியாதில் நெஞ்சு வலி வந்து மௌத்தானார். அங்கேயே நல்லடக்கம் நடந்தது. நாங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸாத் தொழுதோம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, சப்பாத்துக்குள் காலை விட்டுப் பார்த்தேன். போகவில்லை. இடையில் என் கால் வளர்ந்துவிட்டிருந்தது. அது எனக்குச் சரியாக இருந்த காலம் மொத்தமாக ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் நான் நடந்தது பாயில் நாலு எட்டு.

பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் அறைத்தோழர்களிடம் இந்தச் சப்பாத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "காத்தடிக்க அதென்ன சைக்கிளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகக்கூட நான் அதை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லவில்லை.

2024இல் என்னிடம் முன்பு படித்த ஒருவர் டோஹாவிலிருந்து அழைத்தார். நல்ல வேலையில் இருக்கிறார். பழைய கூடைப்பந்துச் சப்பாத்துக்களைச் சேகரிக்கிறாராம். இப்படியும் ஒரு பொழுதுபோக்கு உண்டா என்று கேட்டேன். முத்திரை சேர்ப்பது போலத்தான் சேர் என்றார். முதல் அச்சுக்கு ஒரு மதிப்பு, மறு அச்சுக்கு வேறு மதிப்பு. பெட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. உள்ளே தைத்திருக்கும் சின்னச் சீட்டில் உள்ள எண்களைப் பார்த்து எப்போது செய்தது என்று கண்டுபிடிப்பார்கள். பம்ப் வந்து இருபது வருடமான 2009இல் ரீபொக்கே அதை மறுபடி செய்து விற்றது. ஆனால் சேகரிப்போருக்கு மூலப்படியின் மேல்தான் ஆசை. சிறுவயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, வாங்க முடியாமல் திரும்பியவர்கள்தான் இன்று கையில் காசு வந்ததும் தேடுகிறார்கள் என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

விலைகளையும் சொன்னார். நைக்கியின் தொடக்க காலத்தில், 1972இல் செய்த, யாரும் அணியாத ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி 2019இல் நியூயோர்க்கில் சொத்பீஸ் ஏலத்தில் 437,500 டொலருக்குப் போனது. 1998 இறுதிச் சுற்றில் மைக்கல் ஜோர்டன் போட்டு விளையாடிய சோடி 2023இல் 22 இலட்சம் டொலருக்குப் போனது. ஒன்று புதிது. மற்றது வியர்வை பட்டது. வியர்வை பட்டதற்கு ஐந்து மடங்கு விலை.

என்னிடமும் ஒன்று இருக்கிறது என்றேன். அவருக்கு நம்பவே முடியவில்லை. பெட்டியோடா சேர், போடாமலா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பல வருடங்களாக நான் அதைத் திறந்திருக்கவில்லை.

பெட்டியை இறக்கித் திறந்தேன். மேல் தோல் அப்படியே இருந்தது. நாக்கிலிருந்த பந்தின் நிறம்கூட மங்கவில்லை. கையில் எடுத்தேன். அடிப்பக்கம் கையோடு வந்தது. கட்டியாகக் கொஞ்சம், தூளாகக் கொஞ்சம். ஈர ரஸ்க்கை உடைத்தது போல மடியெல்லாம் உதிர்ந்தது. பந்தை அமுக்கினேன். காற்று உள்ளே போகவில்லை. எத்தனை தடவை அமுக்கியும் சத்தம் வரவில்லை.

படத்தைப் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். அந்தக் காலச் சப்பாத்துக்கள் பலவற்றின் நடு அடியில் பாலியூரிதேன் என்ற நுரை இருக்கும். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கி அதன் இரசாயனச் சங்கிலிகளை அறுத்துவிடும். மழையும் பனியுமான எங்கள் கண்டிப் பக்கத்துக் காற்று அதற்கு நஞ்சு. மூடிய பெட்டிக்குள் ஈரம் அகப்பட்டுக் கிடந்தால் இன்னும் கெடுதி. போட்டு நடக்கும்போது நுரை அமுங்கி விரிந்து ஈரத்தை வெளியே தள்ளும். அதனால் போட்டுத் தேய்த்த சப்பாத்துச் சில வேளை பெட்டியில் பூட்டிய சப்பாத்தை விட நீண்ட நாள் இருக்கும் என்றார்.

"எப்பிடியும் ஒரு நாள் ஒடஞ்சிதான் ஈக்கும் சேர். ஆனா போட்டீந்தா கொஞ்ச காலம் கூட ஈந்திருக்கும்."

அவர் இரசாயனம் சொன்னார். எனக்குச் சாச்சாவின் முகம் மாறியது ஞாபகம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான் பெருமைப்பட்ட ஒவ்வொரு வருடமும் அது உள்ளே உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. சாச்சா கேட்டது ரோட்டு வரைக்கும் ஒரு நடை. ஊத்தையானால் கழுவியிருக்கலாம்.

என் வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன். வவுச்சருக்கு வாங்கிய புதுச் சப்பாத்தை மழை நாளில் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பு வாசலில் கால் துடைத்துப் போட்டுக்கொள்வார்கள். வருடக் கடைசியில் கால் வளர்ந்துவிடும், சப்பாத்துப் புதிதாகவே இருக்கும். முன்பு அவர்களைக் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று புகழ்ந்திருக்கிறேன். இப்போது போட்டுக்கொண்டே வாருங்கள், நனைந்தால் காயும் என்கிறேன். தம்பிக்கு வேண்டும் சேர் என்று ஒரு பிள்ளை சொன்னது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இல்லாமையில் பத்திரப்படுத்துவது வேறு, நான் செய்தது வேறு என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

டோஹாவிலிருந்து அவர் மறுபடி அழைத்தார். மேல் பகுதியும் பெட்டியும் இருந்தால் போதும், மறு அச்சுச் சோடி ஒன்றின் அடியைக் கழற்றி இதற்கு ஒட்டலாம், சேகரிப்போர் அப்படிச் செய்வதுண்டு என்றார். ஒரு தொகையும் சொன்னார். அது என் பல மாதச் சம்பளம். உம்மாவிடம் சொன்னேன். உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சாச்சா ஒனக்கித் தந்தது. விக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் விற்கவில்லை. அவருடைய கால் அளவு என்ன என்று கேட்டேன். ஒன்பது என்றார். சாச்சா வாங்கியதும் ஒன்பது. காசு வேண்டாம், அடி ஒட்டியபின் ஒரு நாளாவது அதைப் போட்டு விளையாட வேண்டும் என்றேன். அவர் தயங்கினார்.

"சேர், அது போட்றதுக்கில்ல. வெச்சிக்கொள்றதுக்கு."

"அப்ப இங்கயே ஈக்கட்டும் மகன்" என்றேன்.

மறுநாள் சரி என்று செய்தி வந்தது. லீவில் வந்த ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். சாச்சாவிடமிருந்து வந்த வழியிலேயே அது திரும்பிப் போனது. உதிர்ந்த தூளைக் கூட்டி வாழைக்குக் கீழே கொட்டினோம்.

ஆறு மாதத்தின் பின் ஒரு சின்ன வீடியோ வந்தது. ஓர் உள்ளரங்கு. மினுங்கும் மரத்தரை. எங்கள் ஊர்ப் பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கிய பிள்ளை, நடுவில் நின்று குனிகிறார். காற்றுப் பை செத்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். என்றாலும் பெருவிரலால் அந்தப் பந்தை மூன்று நாலு தடவை அமுக்குகிறார். நிமிர்ந்து கெமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடத் தொடங்குகிறார். தரையில் சப்பாத்து கிறீச்சிடும் சத்தம் கேட்கிறது.

உம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, இன்னொருக்கா காட்டு என்றார்.